எல்லையோர ஊரில் பெண்கள் குழு: தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் நெடுகத் தமிழ் பேசும் வீடுகள். ரேஷன் அட்டை கேரளத்தில், பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம், வேலை கோவை மில்லில், தாலி கட்டியது ஆனைமலையில். ஒரே பெண்ணின் வாழ்க்கை இரண்டு மாநிலப் பதிவேடுகளில் பிரிந்து கிடக்கிறது. அவளுக்கு ஒன்று என்றால் இரு பக்கமும் கிடைக்கும் முதல் பதில்: “அது அந்தப் பக்கத்துக் கேஸ், அங்கே போய்க் கேளுங்க.”

இந்தப் பதில் பெரும்பாலும் சட்டப்படி தவறு. அதைத் தவறு என்று எடுத்துச் சொல்லத் தெரிந்த பத்துப் பெண்களும் ஒழுங்காக எழுதிய ஒரு நோட்டும் இருந்தால் ஊரில் பாதி வேலை நடக்கும். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது முதல் நோட்டு எழுதுவது வரை இங்கே இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வகைக் குழு?

கேரளப் பக்கம் குடியிருந்தால் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஏற்கெனவே உங்கள் தெருவில் இருக்கும். கேரள அரசின் திட்டமாக 1998 முதல் நடக்கும் பெண்கள் அமைப்பு இது. வீட்டுக்கு ஒரு பெண்ணாக 10 முதல் 20 பேர் சேர்ந்தது அயல்கூட்டம். அயல்கூட்டங்களின் கூட்டமைப்பு வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். சேமிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் இதைவிட நல்ல ஏற்பாட்டை நீங்களாக உருவாக்கப் போவதில்லை. ஆனால் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் மேல் புகார் என்று வரும்போது அயல்கூட்டம் தயங்கும். வார்டு மெம்பரோடும் பஞ்சாயத்தோடும் தினமும் பழக வேண்டிய அமைப்பு அது, தயங்குவதில் வியப்பில்லை.

எனவே அயல்கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். காசு விஷயம் அங்கேயே நடக்கட்டும். உரிமை விஷயத்துக்கு மூன்று நான்கு அயல்கூட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துத் தனியாக ஒரு மன்றம் வையுங்கள். எல்லையின் மறுபக்கம் மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்களையும் இதில் சேர்க்கலாம். அயல்கூட்டத்தில் அது முடியாது.

பதிவு உடனே தேவையில்லை. கூடிப் பேச, மனு கொடுக்க, காவல் நிலையத்துக்குத் துணை போக யாருக்கும் பதிவு எண் வேண்டாம். வெளியிலிருந்து நிதி பெறவோ, இடம் வாங்கவோ போகிறீர்கள் என்றால் மட்டும் சங்கமாகப் பதியுங்கள். குறைந்தது 7 பேர் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: சித்தூர் தாலூகா பழைய கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, பாலக்காட்டின் மற்ற பகுதிகள் மலபாரில் இருந்தன. கொச்சி, திருவிதாங்கூர் பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். மலபாருக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே மாவட்டத்தில் இரண்டு சட்டம். எந்தச் சட்டத்தில் பதிவது என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விதிமுறை எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 1975ஆம் ஆண்டுச் சட்டம். அங்கும் 7 பேர்தான்.

ஆள் சேர்ப்பது

பதினைந்து பேர் நல்ல எண்ணிக்கை. பத்துக்குக் கீழே போனால் இரண்டு பேர் வேலைக்குப் போன நாளில் கூட்டம் நடக்காது. இருபதுக்கு மேலே போனால் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே சொந்தபந்தம் என்று ஆகிவிடக் கூடாது. அப்படி ஆனால் அந்தச் சொந்தத்துக்குள் ஒரு பெண்ணுக்குப் பிரச்சினை வரும் நாளில் குழு வாய்மூடிவிடும். காலனியிலிருந்து குறைந்தது நான்கு பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். கூட்டம் மாறி மாறி அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் நடக்க வேண்டும். காலனி வீட்டில் டீ குடிக்க யோசிக்கிறவர் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுவார். அதுவும் நல்லதுதான். இரண்டு, மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இருவர் வேண்டும். ஒருவர் போதாது, அவருக்குக் கல்யாண வேலை வந்தால் குழுவே ஊமையாகும். கேரளப் பள்ளியில் படித்த மருமகள்களும் மகள்களும் இதற்குக் கிடைப்பார்கள்.

பொறுப்புகள்: தலைவி, செயலர், பொருளாளர். மூவரில் யாரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக் கூடாது, ஒரே கட்சியின் பொறுப்பிலும் இருக்கக் கூடாது. பதவிக்காலம் ஒரு வருடம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. இதை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மூன்றாம் வருடம் எழுத முயன்றால் அது தலைவியைத் தள்ளச் செய்த சதி என்று ஆகும்.

கூட்டம் வாரம் ஒருமுறை, ஒன்றேகால் மணி நேரம். மில் வேன் திரும்பும் நேரத்தையும் தண்ணீர் விடும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

பணம்: சின்னக் கணக்கு, கறாரான கணக்கு

மன்றத்துக்கு அவசர நிதி ஒன்று போதும். 15 பேர் வாரம் 10 ரூபாய் போட்டால் வருடத்துக்கு 7,800 ரூபாய். ராத்திரியில் வண்டி வாடகை, மருந்து, நகல் எடுப்பு, பாலக்காட்டுக்குப் பஸ், வக்காலத்துக்கு முத்திரை என்று இதற்கு மேல் அரிதாகவே தேவைப்படும். ஒரே தடவையில் 1,500 ரூபாய்வரை பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து எடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். இந்தப் பணத்தை யாருக்கும் வட்டிக்கு விடக் கூடாது.

சேமிப்பும் கடனும் கூடவே வேண்டும் என்றால் 15 பேர் வாரம் 50 ரூபாய் வைத்து வருடம் 39,000 சேரும். வட்டியைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். 5,000 ரூபாய் கடன், மாதம் நூற்றுக்கு 2 வட்டி, பத்துத் தவணை. அசல் குறையக் குறைய மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்த வட்டி 550 ரூபாய். முதல் அசலுக்கே கடைசிவரை போட்டால் 1,000 ரூபாய். “நம்ம குழுவுக்குத்தானே போகுது” என்று இரண்டாவது முறையில் வாங்குவது, தண்டல்காரர் செய்கிற அதே வேலைதான்.

வங்கிக் கணக்கு தொடங்கக் குழுவின் தீர்மான நகல், பொறுப்பாளர்களின் ஆவணம், படம் போதும். சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்குக்கு எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கி விதி. பாதிப் பேர் ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருக்கும் ஊர்களில் இது பெரிய நிம்மதி. மூவரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலைத் தாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழுக்கள் உடையும் இடம் பெரும்பாலும் அதுதான்.

நோட்டுதான் ஆயுதம்

நான்கு புத்தகம்: நடவடிக்கைப் புத்தகம், வரவு செலவு, சேமிப்பு-கடன் பேரேடு, பிறகு பூட்டி வைக்கும் ஒரு தனிப் புத்தகம். நடவடிக்கைப் புத்தகம் பக்க எண் அச்சிட்ட நீள நோட்டாக இருக்கட்டும். பக்கம் கிழித்தால் தெரிய வேண்டும்.

“தெரு விளக்கு பற்றிப் பேசப்பட்டது” என்று எழுதினால் அது குறிப்பே அல்ல. “கிழக்குத் தெருவில் மூன்று கம்பங்களில் (கம்ப எண்கள்) விளக்கு எரியவில்லை. பஞ்சாயத்துச் செயலாளருக்கு மனு எழுதி, இருவர் (பெயர்கள்) 14ஆம் தேதி நேரில் கொடுத்து ரசீது வாங்குவது. ரசீதை அடுத்த கூட்டத்தில் காட்டுவது.” இப்படி எழுத வேண்டும். யார், என்ன, எந்தத் தேதிக்குள், அதற்கு என்ன அத்தாட்சி. நான்கும் இல்லாத தீர்மானத்தைச் செயலர் எழுத மறுக்கலாம்.

ஒரு பெண்ணின் வீட்டு விவகாரத்தை இந்தப் புத்தகத்தில் எழுதக் கூடாது. ஆடிட் என்று ஆள் வரும், வார்டு மெம்பர் புரட்டிப் பார்ப்பார், உறுப்பினரின் பிள்ளை எடுத்துப் படிப்பான். அந்தப் பெண்ணுக்கு ஓர் எண் கொடுத்து, “எண் 7 தொடர்பாக இருவர் துணை செல்வது” என்று மட்டும் இங்கே எழுதுங்கள். விவரம் பூட்டிய புத்தகத்தில். சாவி இரண்டு பேரிடம்.

வார்த்தைகள் காலை வாரும் இடம்

எல்லையோரத்தில் எல்லோருக்கும் மலையாளம் “புரியும்”. பேச்சுக்குப் போதும், கையெழுத்திடும் தாளுக்குப் போதாது. ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதுதான் சிக்கல். காவல் நிலையத்தில் “பிரதி” என்றால் நகல் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். நகலுக்கு “பகர்ப்பு” என்று கேட்க வேண்டும். “மொழி எடுக்கணும்” என்றால் வாக்குமூலம் பதிய வேண்டும் என்று பொருள். “ஒப்பு” என்பது கையெழுத்து. ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கிறார்கள் என நினைத்து மிரள வேண்டாம். “அவகாசம்” என்பது அங்கே உரிமை. நீங்கள் கால நீட்டிப்புக் கேட்கப் போய் வேறெதையோ கேட்டதாக ஆகும். “பராதி” புகார், “அபேக்ஷை” விண்ணப்பம். “பீடனம்” பொதுவாகக் கொடுமையைக் குறித்தாலும், தனியாகச் சொன்னால் பாலியல் கொடுமை என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் அடி உதை என்றால் “கார்ஹிக பீடனம்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது சீதனம். நம் பேச்சில் சீதனம் என்றால் பெண்ணுக்குத் தாய்வீடு கொடுத்தது, அவளுடைய சொத்து. மலையாளத்தில் “ஸ்த்ரீதனம்” என்றால் வரதட்சணை, கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “சீதனமாக 20 பவுன் போட்டோம், திருப்பித் தரவேண்டும்” என்று தமிழில் எழுதியது மலையாளத்தில் “20 பவுன் வரதட்சணை கொடுத்தோம்” என்று மாறிவிட்டால், கேட்க வந்தவளே குற்றத்தை ஒப்புக்கொண்டது போல நிற்பாள். “திருமணத்தின்போது பெண்ணுக்கு அவள் பெற்றோர் தந்த, அவளுக்கே சொந்தமான நகைகள்” என்று நீட்டி எழுதுங்கள். (ஜீவனாம்சம் மட்டும் இரண்டு மொழியிலும் ஜீவனாம்சம்தான்.)

தமிழிலேயே மனு கொடுக்கலாமா? அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. கேரளத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழருக்குக் கூடுதல் ஏற்பாடும் உண்டு. ஆனாலும் அவசர வேலைக்கு உரிமைப் போராட்டத்தைக் கலக்க வேண்டாம். மனுவைத் தமிழில் எழுதி, மலையாள வடிவத்தையும் சேர்த்துப் பின் குத்திக் கொடுங்கள். இரண்டிலும் கையெழுத்து. “கைப்பற்று ரசீது” வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

ஒரு பெண் வந்து கதவைத் தட்டினால்

இந்தப் பகுதியை உறுப்பினர்கள் எல்லோரும் இரண்டு தடவை படிக்க வேண்டும். அவசரத்தில் நல்லவர்கள் செய்யும் தப்பு, கெட்டவர்கள் செய்வதைவிட அதிகச் சேதம் செய்யும்.

1. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவளோடு இருவர் மட்டும் இருங்கள். “என்ன செஞ்ச?” என்று கேட்காதீர்கள். “இப்ப திரும்பிப் போக பயமா இருக்கா? குழந்தைங்க எங்கே?” இந்த இரண்டு கேள்வி முதலில்.

2. உயிருக்கு ஆபத்து என்றால் 112. தங்க இடம், ஆலோசனை என்றால் பெண்கள் உதவி எண் 181. எல்லையோரத்தில் கைப்பேசி மறுபக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போகலாம். எனவே முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, ஊர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீயின் ‘ஸ்நேஹிதா’ மையமும், மத்திய அரசுத் திட்டமான ‘சகி’ மையமும் தற்காலிகத் தங்குமிடத்துக்கு வழி செய்யும்.

3. காயம் இருந்தால் அரசு மருத்துவமனை. மருத்துவரிடம் “வழுக்கி விழுந்தேன்” என்று அவள் சொல்லிவிட்டால் ஆவணத்தில் அதுவே ஏறும்; ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் வாசிப்பார். போகும் வழியிலேயே இதைச் சொல்லித் துணிவு கொடுங்கள். பாலியல் வன்முறை என்றால் குளிக்கவோ உடை மாற்றித் துவைக்கவோ வேண்டாம். துணியைத் தாள் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று மருத்துவமனை சொல்ல முடியாது.

4. காயங்களைப் படம் எடுங்கள், அவள் கைப்பேசியிலேயே. உங்கள் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எங்கெங்கோ போகும். குழு வாட்ஸ்அப்பில் ஒரு சொல்கூடப் போடக் கூடாது.

5. எடுத்துவர வேண்டிய தாள்கள்: ஆதார், ரேஷன் அட்டை நகல், திருமணச் சான்று அல்லது பத்திரிகை, படம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், நகை ரசீது, மருந்துச் சீட்டு. போலீஸ் துணையோடு போய் எடுக்கலாம். நான்கைந்து பேராக நீங்களே வீட்டுக்குள் போய் எடுத்தால், அத்துமீறி நுழைந்தார்கள் என்று உங்கள் மேலேயே புகார் வரும்.

6. முடிவு அவளுடையது. வழக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்றால் திட்டாதீர்கள். தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அடுத்த கூட்டத்துக்குள் ஒருமுறை வேறு சாக்கில் பார்த்துவிட்டு வாருங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்று தெரிந்தால், சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது நேரே காவல் நிலையம். “இரண்டு வீட்டாரும் பேசி முடிச்சுக்கலாம்” என்ற பேச்சில் உங்கள் குழுவின் ஆள் ஒருவரும் உட்காரக் கூடாது. சிறுமிக்குக் கல்யாணம், அதுவும் பார்டர் தாண்டி மண்டபம் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், தேதி, மண்டபத்தின் பெயர், இரு ஊர் பெயரோடு 1098க்குச் சொல்லுங்கள். நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) தடை உத்தரவு போட்ட பிறகு அதை மீறி நடந்த குழந்தைத் திருமணம் சட்டப்படி செல்லாது.

எந்தப் பக்கத்து வாசல்?

எல்லை நமக்கு எதிராக நிற்பதாகவே பழகிவிட்டோம். சட்டத்தில் அது பல இடத்தில் நமக்குச் சாதகமாக இருக்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம் (2005) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 27ஆம் பிரிவின்படி, பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம், அவள் வேலை செய்யும் இடம், எதிராளி வசிக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் என எங்கு வேண்டுமானாலும் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மீனாட்சிபுரத்தில் அடிபட்டுப் பொள்ளாச்சியில் தாய்வீட்டுக்கு வந்தவள் பொள்ளாச்சியிலேயே போடலாம். தாய்வீடு இல்லாதவள் சித்தூரிலேயே போடலாம். அங்கே கிடைக்கும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். எங்கே போடுவது நல்லது? சாட்சிகளும் மருத்துவச் சீட்டும் இருக்கும் பக்கமா, அவள் குழந்தையோடு பயமில்லாமல் போய்வரக்கூடிய பக்கமா என்று பாருங்கள். நம் கணிப்பில் இரண்டாவதுதான் முக்கியம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கணவன் வீட்டுத் தெருவைக் கடந்து போக வேண்டியிருந்தால் மூன்றாவது வாய்தாவோடு நின்றுவிடுவாள்.

மனுவை நேரே நீதிமன்றத்தில் போடலாம், பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போகலாம். அவர் சம்பவ அறிக்கை எழுதுவார், கட்டணம் இல்லை. தாக்குதலைத் தடுக்கும் உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு, நகை திரும்பப் பெறுவது எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு கணவன் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருப்பதாலேயே அவளை வெளியே தள்ளிவிட முடியாது. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும். ஆகவே இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெறுங்கையோடு நின்றவர்கள் அதிகம். உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை. இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல. மகன் அடிக்கும் தாயும், அண்ணன் துரத்தும் தங்கையும் போகலாம்.

காவல் நிலையத்தில்: 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. அதைத்தான் ‘பூஜ்ய எஃப்.ஐ.ஆர்.’ என்கிறோம்; பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. நகல் இலவசம். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்; புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே சத்தம் போடாமல் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (கேரளத்தில் “ஜில்லா போலீஸ் மேதாவி”) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை ஒட்டி வையுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் நீதிமன்றம். கணவன் வீட்டுக் கொடுமை வழக்கில், துரத்தப்பட்ட பெண் அடைக்கலம் புகுந்த ஊரிலும் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்பதற்குப் பதில்: பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தாலூகா சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். தொலைபேசி 15100.

வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு வாசல், வேலை இருக்கும் மாவட்டத்தில். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள மில்லில் புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த கயிறு திரிக்கும் கூடம், தென்னந்தோப்பு, வீட்டு வேலை என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு. கொழிஞ்சாம்பாறைப் பெண் பொள்ளாச்சிப் பக்கம் நார்த் தொழிற்கூடத்தில் வேலை செய்தால் கோவை மாவட்டக் குழுவுக்கே எழுத வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். முதலாளி ஏற்பாடு செய்த வேனும் சட்டப்படி வேலையிடம்தான். டிரைவரின் சில்மிஷத்தை “அது வெளியே நடந்தது” என்று தள்ள முடியாது.

குழுக் கடன்காரர் வாசலில் நின்றால்

எல்லையோரத்தில் ஒரே பெண் இரண்டு மாநிலத்து நிறுவனங்களிடமும் நுண்கடன் வாங்கியிருப்பது சாதாரணம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளைச் சுவரில் ஒட்டலாம். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது. காலை 9க்கு முன்பும் மாலை 6க்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மிரட்டல், உறவினரை இழுப்பது, ஆபாசப் பேச்சு கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பிறகு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. வசூலுக்கு வருபவரும் சம்பளக்காரர்தான். அவரைச் சுற்றி வளைத்துக் கத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. பெயர், தேதி, நேரம் எழுதிக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் கணக்குப் பார்த்து உட்காருவது

கேரளத்தில் வார்டுக்கு ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 1,200 வாக்காளர் உள்ள வார்டில் 120 பேர். நீங்கள் 30 பெண்கள் போனால் சபையில் கால்வாசி. இதைக் கட்சிக்காரர்கள் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், நாம்தான் தாமதம். பஞ்சாயத்தின் திட்ட நிதியில் பத்துச் சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும். அது எதற்குப் போனது என்று கேட்டாலே சபை சுறுசுறுப்பாகும். தையல் இயந்திரம் கொடுத்ததாக மட்டும் பதில் வந்தால், ஏற்கெனவே கொடுத்தவற்றில் எத்தனை ஓடுகிறது என்று அடுத்த கேள்வி.

கோரிக்கை மூன்றுக்கு மேல் வேண்டாம். கம்ப எண்ணோடு விளக்கு, குழாய் இருக்கும் இடத்தோடு தண்ணீர், கழிப்பறை இல்லாத பஸ் நிறுத்தம். எழுதிக் கொடுத்து, சபைப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். பஞ்சாயத்தில் ‘ஜாக்ரதா சமிதி’ இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்றும் கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் மேல் நடக்கும் வன்முறையைக் கவனிக்கவே ஏற்பட்டது அது.

குழு உடையும் இடங்கள்

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கினார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அன்று நாடு முழுக்கத் தெரிந்தது. பிறகு அதே அமைப்புக்குள் பிளவும் வந்தது. கோபத்தில் கூடுவது ஒரு திறமை. கூடிய பிறகு யார் பேசுவது, யார் கையெழுத்துப் போடுவது, எந்தக் கட்சி மேடையில் ஏறுவது என்று முடிவு செய்வது இன்னொரு திறமை. இரண்டாவதற்கு முன்கூட்டியே எழுதிய விதி வேண்டும்.

அன்றாடத்தில் குழுவைக் கெடுப்பவை இன்னும் சின்னவை. தலைவியின் கணவர் கூட்டத்துக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வது. ஒருத்தி பெயரில் கடன் எடுத்து இன்னொருத்தி செலவழிப்பது. கட்டாமல் போனால் இருவரும் பேசமாட்டார்கள், குழு இரண்டாகும். எல்லாவற்றையும்விட, குழுவே கட்டப் பஞ்சாயத்தாக மாறுவது. இரண்டு வழக்கில் பெயர் வந்ததும் கணவனைக் கூப்பிட்டு விசாரிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். அவன் ஊரார் முன்னால் தலைகுனிந்து கேட்டுவிட்டு, வீட்டில் கதவைச் சாத்தி அடிப்பான். நகை, பத்திரம், பணம் எதையும் “நடுவில் வைக்க” வாங்காதீர்கள். “நாங்க வாங்கித் தர்றோம்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துணை போவோம், எழுதித் தருவோம் என்பதோடு வாக்கு நிற்கட்டும்.

மார்ச் மாதம் கணக்கு முடித்து, பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து இருவரை அழைத்துப் புத்தகம் காட்டுங்கள். அவர்களுடையதை நீங்கள் போய்ப் பாருங்கள். பொறுப்பு மாறும் நாளில் கைமாறும் பொருள்களின் பட்டியல்: நான்கு புத்தகம், வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், முத்திரை, மனு நகல்களும் ரசீதுகளும் உள்ள கோப்பு, இரண்டு சாவி. புதியவர் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து, நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் டீ.